அறுவடையின் நன்றி யாருக்கு?



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கா முழுவதும் விடுமுறை. வெவ்வேறு மாநிலங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோரின் வீட்டுக்கு வந்து சேர்கின்றனர். முழு வான்கோழியைச் சூளையடுப்பில் வாட்டிச் சமைக்கின்றனர். மசித்த உருளைக்கிழங்கும் பூசணிப் பணியாரமும் புளிப்பான கிரான்பெர்ரிப் பழத்தின் பாகும் உடன் வைக்கப்படுகின்றன. உண்ணும் முன், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் அந்த ஆண்டில் தாம் எதற்காக நன்றியுடையவர்களாய் இருக்கிறோம் என்பதை ஒருவர் பின் ஒருவராகக் கூறுவது பல குடும்பங்களின் வழக்கம். இந்த நாளை அவர்கள் 'தேங்ஸ்கிவிங்' என்கின்றனர். தமிழில் 'நன்றி நவிலும் நாள்' என்று எழுதுகிறோம்.

நமக்கும் இந்த நாளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்களிலிருந்து சென்று அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்கள் இன்று பல உள்ளன. அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்குள்ள பள்ளிகளில் படிக்கின்றனர். நவம்பர் பிறந்தாலே 'இந்த நாளில் நாங்கள் என்ன செய்வது?' என்ற கேள்வி அவ்வீடுகளில் எழுகிறது. என் தங்கையின் வீட்டிலும் சென்ற ஆண்டு எழுந்தது.

அவள் நியூஜெர்சியில் வசிக்கிறாள். பக்கத்து வீட்டில் கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கடும் பனிக்காலத்தில், கைக்குழந்தையுடன் என் தங்கை அவ்வூருக்குப் போய் இறங்கியபோது அவளுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. வீட்டைச் சூடாக்கும் கருவியை இயக்கும் முறை, பனி படிந்த பாதையில் வழுக்காமல் நடக்கும் விதம், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் செல்ல வேண்டிய இடம் ஆகிய அனைத்தையும் அந்த மூதாட்டியே அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். நாம் உண்ணக் கூடாதவை எவை என்று கேட்டறிந்து, அவை கலவாத உணவைச் சமைத்துக் கொண்டுவந்தார். நன்றி நவிலும் நாளன்று ஆண்டுதோறும் அவர் வீட்டில் இவர்களுக்கு அழைப்பு உண்டு.

சென்ற ஆண்டு மச்சான் தயங்கினார். பிறருடைய பண்டிகையில் பங்கெடுப்பது நமக்கு ஆகுமா என்பது அவருடைய அச்சம். மகள் வளர்ந்து வருகிறாள். இன்று விருந்து என்று தொடங்குவது நாளை எங்கே போய் நிற்குமோ என்பது அவருடைய கவலை. 'தாயைப் போல் நம்மைத் தாங்கியவரை வாசலில் நிறுத்துவதா?' என்பது தங்கையின் வாதம். இருவரும் தனித்தனியே என்னிடம் பேசினர். மூன்றாவதாகப் பேசியவள் பன்னிரண்டு வயதான மருமகள். "மாமா, அந்தப் பாட்டிக்கு நன்றி சொன்னா ஹராமா?" என்று கேட்டாள்.

நான் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். ஆயினும், ஒன்றைப் பற்றிய தீர்ப்பு அதைப் பற்றிய தெளிவிலிருந்தே கிளைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர்கள் கற்பித்த விதி. ஆகவே முதலில் அந்த நாளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததையும், அதிலிருந்து நான் பெற்ற பாடத்தையும் இங்கே முன்வைக்கிறேன்.

கடல் கடந்து வந்தவர்கள்

1620ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 'மேஃப்ளவர்' என்ற கப்பல் 102 பயணிகளுடன் புறப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையை ஏற்காதவர்கள். தம் மனச்சான்றுப்படி இறைவனை வணங்க இடம் தேடி, முதலில் ஹாலந்தின் லெய்டன் நகரில் சில ஆண்டுகள் தங்கி, பிறகு அமெரிக்கா செல்லத் துணிந்தவர்கள். மற்றவர்கள் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலக் கரையில், தாங்கள் பிளைமவுத் என்றழைத்த இடத்தில், டிசம்பர் மாதக் குளிரில் அவர்கள் குடியேறினர். அந்த முதல் பனிக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர்.

அவர்கள் குடியேறிய இடம் வெற்று நிலம் அன்று. அங்கே முன்னர் பட்டுக்ஸெட் என்ற ஊர் இருந்தது. அது வாம்பனோக் மக்களுடைய ஊர். 1616 முதல் 1619 வரை அக்கரையோரத்தில் பரவிய கொள்ளைநோய் அவ்வூரை முற்றிலும் அழித்திருந்தது. உழுது பண்படுத்திய வயல்கள் மட்டும் எஞ்சியிருந்தன. குடியேறிகள் விதைத்த மக்காச்சோளமும் பிறருடையதே. கேப் காட் பகுதியில் அம்மண்ணின் மக்கள் குழிகளில் புதைத்துச் சேமித்திருந்த தானியத்தை இவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டனர். பின்னர் உரியவர்களைக் கண்டு அதற்கு ஈடு கொடுத்தனர் என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும்.

ஊரை இழந்த ஒருவர்

பட்டுக்ஸெட் ஊரில் பிறந்த ஒருவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். அவர் பெயர் டிஸ்குவான்டம். 1614ஆம் ஆண்டு தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் வஞ்சகமாக இருபதுக்கும் மேற்பட்டோரைக் கப்பலில் ஏற்றிக் கடத்திச் சென்றான். அவர்களை அடிமைகளாக விற்கக் கொண்டுபோன இடம் ஸ்பெயின் நாட்டின் மலாகா துறைமுகம். கடத்தப்பட்டவர்களுள் டிஸ்குவான்டமும் ஒருவர்.

மலாகா என்ற பெயரைப் படித்தபோது சற்று நின்றேன். அரபியில் மாலகா என்று வழங்கிய, அந்தலூஸின் புகழ்பெற்ற துறைமுகம் அது. 1487இல் அந்நகரம் முஸ்லிம்களின் கையை விட்டுப் போயிற்று. அங்கு எஞ்சி, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களையும் ஸ்பெயின் அரசு 1609 முதல் 1614 வரையிலான ஆண்டுகளில் நாட்டை விட்டே வெளியேற்றியது. ஓர் இனத்தார் வீடிழந்து கப்பலேறிய காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்து வேறோர் இனத்தார் விலங்கிடப்பட்டு வந்து இறங்கினர்.

அங்கிருந்த சில கிறிஸ்தவத் துறவிகள் கைதிகளுள் சிலரை விற்பனையிலிருந்து காப்பாற்றினர். டிஸ்குவான்டம் எப்படியோ லண்டன் சென்றடைந்து, ஆங்கிலம் கற்று, 1619இல் தாயகம் திரும்பினார். ஊரைத் தேடி வந்தவருக்கு ஊர் இல்லை. அனைவரும் நோயில் இறந்திருந்தனர்.

தம்மைக் கடத்தியவனின் இனத்தாரே தம் ஊரில் வீடு கட்டியிருப்பதை அவர் கண்டார். ஆயினும் 1621ஆம் ஆண்டின் இளவேனிலில் அவர்களுக்கு விதைக்கும் முறையைக் கற்பித்தார். மண்மேடு அமைத்து, மீனை உரமாகப் புதைத்து, மக்காச்சோளம் ஊன்ற வேண்டிய பக்குவத்தையும், மீன் கிடைக்கும் இடங்களையும் காட்டினார். வாம்பனோக் தலைவர் மாஸசாயிட்டுக்கும் குடியேறிகளுக்கும் இடையே மார்ச் மாதத்தில் ஏற்பட்ட உடன்படிக்கைக்கு அவரே மொழிபெயர்ப்பாளர். கொள்ளைநோயால் தம் மக்களின் எண்ணிக்கை குறைந்து, பகை இனத்தாருக்கு அஞ்சியிருந்த மாஸசாயிட்டுக்கும் அந்த நட்பு தேவைப்பட்டது.

குடியேறிகளின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட், டிஸ்குவான்டத்தைத் தங்கள் நன்மைக்காக இறைவன் அனுப்பிய கருவி என்ற பொருளில் எழுதிவைத்தார். அருளியவன் இறைவன் என்பதையும், அவ்வருள் எந்தக் கரத்தின் வழியாக வந்தது என்பதையும் அப்போது அவர்கள் அறிந்தே இருந்தனர்.

மூன்று நாள் விருந்து

அந்த ஆண்டு ஏறக்குறைய 20 ஏக்கரில் இட்ட மக்காச்சோளம் நன்கு விளைந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விதைத்த வாற்கோதுமை சுமாராகவும், பட்டாணி அறுக்கவே தகாததாகவும் போயின. அவர்கள் பழக்கத்திலிருந்த பயிர் கைவிட்டது. அந்நியர் கற்பித்த பயிர் காத்தது.

அறுவடை முடிந்தபின், 1621ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அவர்கள் விருந்து கொண்டாடினர். ஆளுநர் நால்வரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். மாஸசாயிட் ஏறத்தாழ 90 ஆடவருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தனர். மூன்று நாள் விருந்து நடந்தது. எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய கடிதத்தில் ஒரு சிறு பத்தியாக இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அதில் வான்கோழி என்ற சொல் இல்லை. 'நன்றி நவிலும் நாள்' என்ற பெயரும் இல்லை.

அம்மக்களின் வழக்கில் நன்றி நாள் என்பது விருந்து அன்று, வழிபாடு. துன்பம் வந்தால் நோன்பிருந்து மன்றாடுவர். துன்பம் நீங்கினால் கூடி நன்றி செலுத்துவர். 1623இல் மே மாதம் முதல் ஜூலை வரை மழையின்றிப் பயிர் வாடியது. ஒரு நாளை ஒதுக்கி நோன்பிருந்து இறைவனிடம் இறைஞ்சினர். மழை பெய்து பயிர் பிழைத்தது. அதன்பின் நன்றி நாள் ஒன்றை அறிவித்தனர். மழை பொய்த்தபோதெல்லாம் திடலில் கூடி 'ஸலாத்துல் இஸ்திஸ்கா' என்னும் மழைத்தொழுகை தொழுது, இஸ்திஃபார் செய்து கையேந்தும் நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. மழை யாரிடமிருந்து வருகிறது என்பதில் விவசாயிக்கு ஐயம் இருப்பதில்லை.

பேரனுக்கு நேர்ந்தது

இதுவரை படித்தால் இனிய கதை. பள்ளிக்கூடப் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளைப் படித்தபோதுதான் எனக்கு உறக்கம் கலைந்தது.

டிஸ்குவான்டம் 1622இல் காய்ச்சலுற்று இறந்தார். மாஸசாயிட் தம் வாழ்நாள் முழுவதும் உடன்படிக்கையைக் காத்தார். குடியேறிகள் பெருகினர், நிலத்தின் மீதான பசியும் பெருகியது. 1675இல் மாஸசாயிட்டின் மகன் மெட்டாகொம் தலைமையில் போர் மூண்டது. இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. 1676 ஆகஸ்ட் மாதம் மெட்டாகொம் கொல்லப்பட்டார். வெட்டப்பட்ட அவருடைய தலை பிளைமவுத்துக்கு வந்து சேர்ந்த நாளில், அவ்வூரார் நன்றி வழிபாடு நடத்திக்கொண்டிருந்தனர். அத்தலை பல ஆண்டுகள் ஒரு கம்பத்தின் உச்சியில் வைக்கப்பட்டிருந்தது. பிடிபட்ட மெட்டாகொமின் மகன் சிறுவன். மாஸசாயிட்டின் பேரனாகிய அச்சிறுவனை அடிமையாக விற்றுக் கப்பலில் அனுப்பினர்.

பாட்டனார் ஐந்து மான்களைச் சுமந்து வந்து விருந்தில் அமர்ந்தார். அவருடைய மகனின் தலை நன்றி நாளன்று அதே ஊருக்கு வந்தது. பேரன் விற்கப்பட்டான். அந்த ஊரார் இறைவனுக்கு நன்றி செலுத்துவதை ஒருபோதும் நிறுத்தவில்லை. ஆனால் எந்தக் கரத்தின் வழியாக அவன் சோறு கொடுத்தானோ, அந்தக் கரத்தை மறந்தனர்.

விடுமுறையான வரலாறு

இன்றைய பண்டிகை அந்த விருந்திலிருந்து நேராக வந்தது அன்று. முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஆம் நாளை நாடு முழுமைக்குமான நன்றி நாளாக அறிவித்தார். அதன்பின் மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி நாள் குறித்தன. 1841இல் அலெக்சாண்டர் யங் என்பவர் பழைய ஆவணங்களைப் பதிப்பித்தபோது, 1621ஆம் ஆண்டு விருந்தை 'முதல் நன்றி நாள்' என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சாரா ஜோசஃபா ஹேல் என்ற பெண் பத்திரிகையாசிரியர், நாடெங்கும் ஒரே நாளில் இதைக் கொண்டாட வேண்டும் என்று பல்லாண்டுகள் எழுதி வந்தார். உள்நாட்டுப் போர் நாட்டைப் பிளந்துகொண்டிருந்த 1863இல், ஆப்ரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். 1939இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கிறிஸ்துமஸ் வணிகத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். மாநிலங்கள் சில ஏற்றன, சில மறுத்தன. 1941இல் நாடாளுமன்றம் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கியது. நன்றி நாளுக்கு மறுநாளாகிய வெள்ளிக்கிழமை இன்று கடைத்தெருக்களில் தள்ளுபடி விற்பனைக்குப் பெயர்பெற்ற நாள். உள்ளவை போதும் என்று நன்றி கூறிய மறுநாளே, இல்லாதவற்றைத் தேடி வரிசையில் நிற்கின்றனர்.

1970இல், குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் உரையாற்ற வாம்பனோக் இனத்தவரான ஃபிராங்க் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். அவர் எழுதிவந்த உரையில் தம் மக்களுக்கு நேர்ந்தவை இருந்தன. அதை அப்படியே படிக்க ஏற்பாட்டாளர்கள் இடம்தரவில்லை. அவர் விழாவைப் புறக்கணித்தார். அவ்வாண்டு நன்றி நாளன்று பிளைமவுத்தில், மாஸசாயிட்டின் சிலை அருகே பூர்வகுடி மக்கள் கூடி, அதைத் துயர நாளாக அனுசரித்தனர். அது முதல் ஆண்டுதோறும் கூடுகின்றனர்.

மதீனாவின் பேரீச்ச மரங்கள்

இந்த வரலாற்றைப் படிக்கும்போது என் நெஞ்சில் மற்றொரு குடியேற்றம் ஓடிக்கொண்டே இருந்தது. மார்க்கத்துக்காக ஊரையும் உடைமையையும் துறந்து மக்காவிலிருந்து மதீனா சென்ற முஹாஜிர்களும் வெறுங்கையர்களே. வணிகம் தெரிந்த அவர்களுக்குப் பேரீச்சந்தோட்ட வேலை தெரியாது. அன்ஸார்கள் தங்கள் தோட்டங்களைப் பங்கிட்டுத் தரவே முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் மரங்களைப் பங்கிட இசையவில்லை. உழைப்பில் சேர்ந்து விளைச்சலில் பங்கு பெறும் ஏற்பாடு உண்டானது. சில அன்ஸார்கள் கனிகளை உண்டுகொள்ளுமாறு சில மரங்களையும் கொடுத்திருந்தனர்.

ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களின் கை சற்று நிமிர்ந்தது. உடனே அவர்கள் செய்தது என்ன? அன்ஸார்கள் கொடுத்த மரங்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) கொடுத்திருந்த மரங்களை நபி (ஸல்) அவர்கள் உம்மு அய்மன் (ரலி) அவர்களுக்கு அளித்திருந்தார்கள். அவற்றை உரியவரிடம் மீட்டுக் கொடுத்து, உம்மு அய்மனுக்குத் தம் தோட்டத்திலிருந்து வேறு மரங்களை வழங்கினார்கள். இதை அனஸ் (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். வந்தேறியவர் வலிமை பெற்றதும் வரவேற்றவரின் நிலத்தைப் பறிப்பது ஒரு வரலாறு. வாங்கிய மரத்தைத் திருப்பிக் கொடுப்பது மற்றொரு வரலாறு.

உதவியவர் முஸ்லிமாக இல்லாதபோதும் இந்நன்றி குறைந்ததில்லை. தாயிஃபில் கல்லடி பட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைய அடைக்கலம் அளித்தவர் முத்இம் பின் அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தவர். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளைக் கண்டபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பதும் அவர்கள் கற்பித்த பாடமே.

மருமகளுக்குச் சொன்ன பதில்

இந்த நாளைப் பற்றி ஆலிம்களிடையே இரு கருத்துகள் உள்ளன. அல்லாஹ் நமக்கு இரு பெருநாள்களை வழங்கியிருக்க, ஆண்டுதோறும் மீண்டு வரும் வேறு பண்டிகையில் சேர்வது கூடாது என்பது ஒரு சாராரின் கருத்து. இது சமயச் சடங்கு ஏதுமற்ற நாட்டு வழக்கம். உணவு ஹலாலாக இருந்தால் உறவினரோடும் அண்டை வீட்டாரோடும் உண்பதில் தடையில்லை என்பது மற்றொரு சாராரின் கருத்து. இரண்டுக்கும் ஆதாரம் கூறும் அறிஞர்கள் உள்ளனர். தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கலந்து முடிவெடுக்குமாறு தங்கையிடமும் மச்சானிடமும் கூறினேன்.

மருமகளின் கேள்வி வேறு. அதற்கு இரு கருத்துகள் இல்லை. "பாட்டிக்கு நன்றி சொல்வது ஹராம் இல்லம்மா, அது உன் மேல் கடமை. அதற்கு நவம்பர் வர வேண்டும் என்பதும் இல்லை" என்றேன். மார்க்கத்தின் பெயரால் நம்மோடு போரிடாத, நம்மை வீட்டிலிருந்து விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் கூறுவதை அவளுக்கு விளக்கினேன். ஒருவர் செய்த நன்மைக்குக் கைம்மாறு செய்யுங்கள், இயலாவிட்டால் போதுமென உங்கள் மனம் சொல்லும்வரை அவருக்காக துஆச் செய்யுங்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியையும் எடுத்துரைத்தேன்.

மச்சான் வியாழக்கிழமை விருந்துக்குச் செல்வதில்லை என்றே முடிவெடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறன்று குடும்பத்தோடு அவர் வீட்டுக்குச் சென்று, பிரியாணி சமைத்துப் பரிமாறினர். ஏன் அந்த நாளில் வர இயலவில்லை என்பதை மச்சானே பணிவாக எடுத்துச் சொன்னார். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் வீட்டு வாசலில் பனி அள்ளும் வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார். வியாழனன்று அந்த மேசையில் தங்கள் நாற்காலிகள் காலியாக இருந்ததே என்ற வருத்தம் தங்கைக்கு இன்னும் உண்டு. அந்த வருத்தம் தவறென்று நான் கூற மாட்டேன். உதவி பெற்ற நெஞ்சு அப்படித்தான் இருக்கும்.

அறுவடை நாளின் உரிமை

இது அமெரிக்காவில் வாழ்வோருக்கு மட்டும் உரிய பாடமன்று. அறுவடைக்கு நன்றி செலுத்தும் முறையை அல்லாஹ் நமக்கும் கற்பித்திருக்கிறான். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம், தோட்டங்களையும் பேரீச்சையையும் பயிர்களையும் ஒலிவத்தையும் மாதுளையையும் படைத்தவன் அவனே என்று நினைவூட்டுகிறது. கனிந்ததும் உண்ணுங்கள், அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அது பணிக்கிறது. மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. அது கொடுப்பவரின் தயவன்று, பெறுபவரின் உரிமை. விளைந்தது களத்தை விட்டு வீடு சேரும் முன் பிறர் பங்கு பிரிந்துவிட வேண்டும்.

அந்த உரிமையை மறுத்தவர்களின் கதையை அல்கலம் அத்தியாயத்தில் மதரஸாப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஓதுகின்றனர். தந்தை ஏழைகளுக்குக் கொடுத்து வந்த தோட்டம் அது என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். பிள்ளைகளோ ஏழைகள் வந்து சேரும் முன் விடியற்காலையிலேயே பறித்துவிடத் திட்டமிட்டு, இன்ஷா அல்லாஹ் என்றும் சொல்லாமல் உறங்கினர். காலையில் போய்ப் பார்த்தபோது தோட்டம் அழிந்து கிடந்தது. தங்கள் தோட்டம்தானா என்றே அவர்களுக்கு ஐயம் வந்தது.

இதற்கு நேர்மாறான அழகிய காட்சி ஒன்று முஸ்லிம் நூலில் உள்ளது. பருவத்தின் முதல் கனியை மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அதில் பரக்கத் வேண்டி, மதீனாவுக்கும் அதன் அளவைகளுக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்வார்கள். பிறகு அங்கிருப்பவர்களில் ஆகச் சிறிய குழந்தையை அழைத்து அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். முதலில் இறைவன், அடுத்து ஊர், அதன்பின் எதையும் திருப்பித் தர இயலாத ஒரு குழந்தை. நம் அறுவடைத் திருநாளின் முழு இலக்கணமும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அன்பிற்குரிய பெற்றோர்களே! நம்முள் பலருக்கு வயல் இல்லை. மாதச் சம்பளமே அறுவடை. சம்பளம் வந்த நாளில் அல்ஹம்து லில்லாஹ் கூறுகிறோம். அதோடு, இச்சம்பளம் எந்தக் கரங்களின் வழியாக வந்தது என்பதையும் பிள்ளைகளோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்போம். படிப்புக்குப் பணம் கட்டிய பெரியம்மா, வெளிநாட்டில் முதல் மாதம் அறையில் இடம் கொடுத்த நண்பர், பக்கத்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்த அந்நியர் என்று ஒவ்வொருவரின் பெயரையும் பிள்ளைகள் அறியட்டும். அவர்களுள் இறந்துவிட்டவர்களின் பிள்ளைகள் இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று விசாரிப்போம். மாஸசாயிட்டின் பேரனைப் பற்றி அந்த ஊரார் கேட்க மறந்த கேள்வி அதுதான்.

நன்றி செலுத்தினால் மேலும் தருவதாக வாக்களித்த அல்லாஹ், அருளியவனையும் அவன் அருளைச் சுமந்து வந்த கரங்களையும் மறவாத கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.